அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

கேள்வி

நான் மதுரையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்கர். கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டலாம் என்று இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, திருமங்கலம் பக்கம் புதிதாகப் போட்ட லே-அவுட். டி.டி.சி.பி. அப்ரூவல், ரெரா எண் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். 30-க்கு 40 அடியில் தெற்குப் பார்த்த மனை ஒன்று, 20-க்கு 60 அடியில் கிழக்குப் பார்த்த மனை ஒன்று மிச்சம் இருக்கின்றன. இரண்டும் ஒரே விலை. மாமியார் கிழக்குதான் வேண்டும் என்கிறார். கணவர் கரிசல் மண் என்று யோசிக்கிறார்.

மற்றது நகருக்குள்ளேயே, ஒரு கண்மாய்க்குச் சற்றுத் தள்ளி மூன்றரை சென்ட். பட்டா, இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. இரண்டு மகன்கள் சேர்ந்து விற்கிறார்கள். விலை நன்றாகவே குறைவு. "பட்டா இருக்கு, வேறென்ன வேணும்?" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். இந்த வாரமே 5 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

வீட்டைக் கட்டித்தர கணவரின் நண்பர் ஒரு பில்டரைச் சொன்னார். மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,300 ரூபாய், தொடக்கத்தில் 30 சதவீதம் முன்பணம் என்கிறார். ஒப்பந்தம் பற்றிக் கேட்டால், "அக்ரிமென்ட் எல்லாம் எதுக்குக்கா, நமக்குள்ள?" என்று சிரிக்கிறார். கீழும் மேலுமாக 1,100 சதுர அடி கட்ட ஆசை. எந்த மனையை எடுப்பது? இந்தப் பில்டரை நம்பலாமா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்

மூன்று பேர் உங்களிடம் அவசரப்படுகிறார்கள்: தரகர், மனை விற்பவர், பில்டர். மூவரும் கேட்பது உங்கள் கையில் இன்னும் இருக்கும் பணத்தை. வீட்டு விஷயத்தில் உங்களுக்கு உள்ள ஒரே பலமும் அந்தக் கொடுக்காத பணம்தான். மனை என்றால் ஆவணம் சரியான பிறகு பணம், கட்டடம் என்றால் வேலை முடிந்த பிறகு பணம். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

கண்மாய் அருகே உள்ள மனை

தரகர் சொல்வதுபோல் பட்டா இருந்தால் போதும் என்பது சரியல்ல. பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. உரிமையை நிரூபிக்கக் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில் போன்ற மூல ஆவணங்கள் வேண்டும். அந்த அப்பாவுக்குச் சொத்து எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த கேள்வி, விற்கிற இருவருக்கும் அக்கா, தங்கை உண்டா? அம்மா இருக்கிறாரா? இந்துக் குடும்பமாக இருந்து, அது அப்பா தானே சம்பாதித்த சொத்தாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்து என்றாலும் தப்ப முடியாது. 2005 திருத்தம் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. "கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு, நகை போட்டாச்சு" என்பது பேச்சுக்குச் சரி, பத்திரத்துக்குச் சரியாகாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது முன்பே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் யாராவது இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் ஓரடி கூட எடுத்து வைக்காதீர்கள்.

மூன்றாவது, அந்த இடம் மனையாக அங்கீகாரம் பெற்றதா? பெரிய நிலத்திலிருந்து வெட்டிக் கொடுக்கும் துண்டாக இருந்தால் இது முக்கியம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தகைய பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதே ஆண்டு அக்டோபர் 20-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உருவான மனைகளுக்கு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. இந்த மனை வரன்முறை செய்யப்பட்டதா, அதற்கான உத்தரவு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நான்காவது, தண்ணீர். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, கண்மாயின் மடை எங்கே, கலுங்கு எங்கே, மறுகால் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு நில அளவரை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பட்டா நிலமே என்றாலும், மறுகால் பாதையில் இருந்தால் தண்ணீர் பட்டாவைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் ஓரத்துத் தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பார்த்த இடத்தில் அந்த வாரம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிர்வீட்டுக்காரரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். அவர்களுக்குத் தரகுக் காசு கிடையாது; உள்ளதைச் சொல்வார்கள்.

5 லட்சம் ரொக்கம்? கூடாது. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்கு வர மறுக்கிறவர் நாளை கிரயத்துக்கும் வரமாட்டார்.

லே-அவுட் மனை

இங்கே ஆவணச் சிக்கல் குறைவு. ஆனாலும் 'இருக்கிறது என்கிறார்கள்' என்பது போதாது. ரெரா எண்ணைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 மனைகளுக்கு மேல் உள்ள லே-அவுட் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கி, நீங்கள் பார்த்த மனை எண் அதில் மனையாகத்தான் இருக்கிறதா, பூங்காவாகவோ பொது இடமாகவோ காட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அது நடக்காவிட்டால் நாளை ரோடு போடவும் தெருவிளக்குப் போடவும் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார்தான், ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று. உங்களுக்காகத் தனியாக ஒருவரிடம் கருத்துரை வாங்குங்கள். செலவுக் கணக்கில் மனை விலையோடு பத்திரச் செலவையும் சேர்த்து எழுதுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

கிழக்கா, தெற்கா?

இரண்டும் 1,200 சதுர அடிதான். ஆனால் ஒரே வீட்டை இரண்டிலும் கட்ட முடியாது. கணக்குப் போடுவோம். பக்கவாட்டில் இருபுறமும் மும்மூன்று அடி விடுகிறீர்கள் என்று வையுங்கள். 20 அடி அகல மனையில் மிஞ்சுவது 14 அடி. இரண்டு ஒன்பது அங்குலச் சுவர் போக உள்ளே 12 அடி 6 அங்குலம். அந்த அகலத்தில் ஓர் அறையும் பக்கத்தில் நடைவழியும் வைத்தால் எதுவும் உருப்படியாக அமையாது. அறைகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும், நடு அறைக்கு வெளிச்சம் போதாது. 30 அடி மனையில் அதே கணக்கில் உள்ளே 22 அடி 6 அங்குலம் கிடைக்கிறது. இரண்டு அறைகள் பக்கத்துப் பக்கத்தில் வரும், காற்று குறுக்கே போகும்.

மாமியாரின் விருப்பத்தைத் தள்ள வேண்டியதில்லை. தெற்குப் பார்த்த மனையிலும் தலைவாசலைக் கிழக்குப் பார்த்து வைக்க வழியுண்டு. பிளான் போடும்போதே அவரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடுங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு வாஸ்து பார்ப்பவர் யாரையும் வீட்டுப் பக்கம் அழைக்காதீர்கள், செலவு தாங்காது. மதுரை வெயிலில் மேற்குச் சுவர்தான் இரவெல்லாம் கொதிக்கும். அந்தப் பக்கம் படுக்கையறை வராமல் மாடிப்படி, குளியலறை, அலமாரிகள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல் மண்

உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. கரிசல் மண் மழையில் நீரைக் குடித்து உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கம் அஸ்திவாரத்தைத் தூக்கும், இறக்கும். அந்த லே-அவுட்டைச் சுற்றி நான்கைந்து ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளைப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், போர்டிகோ வீட்டை விட்டு விலகி நிற்பது, காம்பவுண்டு சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருப்பது எல்லாம் மண் செய்த வேலை.

அதற்காகக் கரிசலில் கட்டவே கூடாது என்று இல்லை. அஸ்திவாரத்துக்குச் செலவு கூடும், அவ்வளவுதான். மனையை முடிக்கும் முன் விற்பவரிடம் அனுமதி வாங்கி ஒரு ஜே.சி.பி.யை வைத்து ஆறேழு அடிக்குக் குழி எடுத்துப் பாருங்கள். கரிசல் எத்தனை அடி, அதன்கீழ் சுக்கான் வருகிறதா, செம்மண் வருகிறதா, மேலே கொட்டி மேடாக்கிய மண் எத்தனை அடி என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். பிறகு முறையான மண் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுங்கள். கரிசல் ஆழம் குறைவென்றால் அதைத் தாண்டிக் கெட்டியான அடுக்கில் ஃபுட்டிங் வைக்கச் சொல்வார். ஆழம் அதிகமென்றால் அடியில் குமிழ்போல் அகன்ற அண்டர்-ரீம்டு பைல் போட்டு, மேலே பீம் கட்டச் சொல்வார். அந்தக் கூடுதல் செலவைச் சொல்லியே மனை விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

இனி பில்டர்

"நமக்குள்ள எதுக்கு அக்ரிமென்ட்" என்று சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மனதில் உள்ள வீடும் உங்கள் மனதில் உள்ள வீடும் ஒன்றா என்பது எழுதினால்தான் தெரியும். அவர் கட்டிய மூன்று வீடுகளைப் பாருங்கள்: இப்போது கட்டிக்கொண்டிருப்பது ஒன்று, போன வருடம் முடித்தது ஒன்று, ஐந்து வருடம் ஆனது ஒன்று. வீட்டுக்காரரிடம் பில்டர் இல்லாதபோது பேசுங்கள். "வேலை எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கு என்பார்கள். "சாவி வாங்கின பிறகு ஒழுகினதா? கூப்பிட்டதும் வந்தாரா? பேசினதுக்கு மேல எவ்வளவு வாங்கினார்?" என்று கேளுங்கள்.

2,300 என்கிற ரேட்டில் என்னென்ன அடக்கம் என்பதில்தான் சண்டையே வரும். 1,100 சதுர அடிக்கு 25,30,000 ரூபாய். இதில் ஜி.எஸ்.டி. அடக்கமா என்று முதலில் கேளுங்கள். பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் மெட்டீரியலோடு செய்தால் 18 சதவீதம், அதாவது இன்னும் 4,55,400 ரூபாய். தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசும் லேபர் காண்ட்ராக்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் அதில் சிமென்ட், எம்-சாண்ட், கம்பி எல்லாம் நீங்களே வாங்கி, இறக்கி, கணக்குப் பார்த்து, காவலும் காக்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் உங்களுக்கு அது தோதுப்படாது. மெட்டீரியலோடு கொடுங்கள், ஆனால் பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை முக்கியமான கட்டங்களில் வந்து பார்க்கத் தனியாக நியமியுங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை:

1. அளவு: போர்டிகோ, பால்கனி, மாடிப்படித் தலைப்பு, சம்ப், செப்டிக் டேங்க் ஆகியவற்றை எப்படி அளப்பது, முழு ரேட்டா, பாதி ரேட்டா.

2. ரேட்டில் சேராதவை: காம்பவுண்டு, போர், மின் இணைப்பு, பிளான் அனுமதிச் செலவு, மொட்டைமாடியில் வெதரிங் கோர்ஸ். ஒவ்வொன்றுக்கும் விலை.

3. பேஸ்மென்ட் உயரம்: 'ரோட்டிலிருந்து இத்தனை அடி' என்று எழுதுங்கள். தரையிலிருந்து என்று எழுதினால், பள்ளமான மனையில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

4. பொருள்: 'நல்ல டைல்ஸ்' என்று எழுதுவதில் பயனில்லை. கம்பெனி, ரகம், அல்லது 'சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை' என்று இருக்க வேண்டும். கம்பி, சிமென்ட், ஒயர், குழாய், கதவு எல்லாவற்றுக்கும் இப்படியே.

5. மாற்றங்கள்: நடுவில் சுவரைத் தள்ளிப்போடச் சொன்னால், விலையை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே வேலை.

6. கெடு, தாமதமானால் கழிவு, இடையில் விலகினால் கணக்கு முடிக்கும் முறை, சாவி கொடுத்த பின் விரிசல், ஒழுகலுக்கு எத்தனை காலம் பொறுப்பு.

30 சதவீதம் முன்பணம் என்றால் ஒரு செங்கல் வைக்கும் முன்பே 7,59,000 ரூபாய் கைமாறுகிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்படிப் பிரித்துக் கொடுங்கள்: ஒப்பந்தம் கையெழுத்தானதும் 5 சதவீதம், பிளின்த் பீம் முடிந்ததும் 20, லிண்டல் மட்டத்தில் 15, ரூஃப் கான்கிரீட் போட்டதும் 20, உள்-வெளிப் பூச்சு முடிந்ததும் 15, தரை, கதவு, மின் வேலை, குழாய் வேலை முடிந்ததும் 10, பெயின்ட் முடிந்து சாவி வாங்கும்போது 10, ஒரு ஐப்பசி-கார்த்திகை மழை பார்த்த பிறகு கடைசி 5. வங்கியும் கட்டம் கட்டமாகத்தான் கடனை விடுவிக்கும், இரண்டையும் பொருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி 5 சதவீதத்துக்குப் பில்டர் முகம் சுளிப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள், ஒழுகலைச் சரிசெய்ய அவரை வரவழைக்கப் போவது அதுதான்.

கான்கிரீட் அன்று

எல்லா நாளும் உங்களால் நிற்க முடியாது. ரூஃப் போடும் அன்று மட்டும் இருவரில் ஒருவர் லீவு போடுங்கள். அதற்கு முன்தினமே இன்ஜினியர் கம்பியைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்லாப் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் இருக்க வேண்டும். கம்பி பலகையில் ஒட்டிக் கிடந்தால் பத்து வருடத்தில் துரு பிடித்துச் சீலிங் பெயர்ந்து விழும். கான்கிரீட் குறைந்தது எம்-20 ரகம். கலவை இளக்கமாக இருந்தால் ஆட்களுக்குத் தள்ள எளிது என்பதால் ஹோஸைத் திறந்து தண்ணீர் விடுவார்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர்தான் கணக்கு. எத்தனை வாளி போகிறது என்று எண்ணுங்கள், நீங்கள் எண்ணுவதைப் பார்த்தாலே கை கட்டுப்படும்.

மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இப்போது பெரும்பாலும் வருவது பி.பி.சி. சிமென்ட். இந்தியத் தர நிர்ணயப்படி அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், 14 நாள் என்றால் நல்லது. தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைக்கச் சொல்லுங்கள். முட்டுக்களை அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோக அவசரப்படுவார்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஸ்லாபுக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது விதி.

அனுமதியும் வழக்கும்

2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதோடு ஒரு மாடியோ கட்டினால், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் விதிப்படி கட்டுவேன் என்று சான்று கொடுப்பது நீங்கள். பில்டர் அரையடி வெளியே தள்ளினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். மழைநீர் சேகரிப்பும் கட்டாயம், பிளானிலேயே காட்டுங்கள்.

உங்கள் சொந்த மனையில் ஒப்பந்தக்காரர் கட்டும் வீட்டுக்கு ரெரா வராது. தகராறு வந்தால் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு மாவட்ட ஆணையமே போதும், 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அங்கே பேசுவது ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, தேதியுடன் எடுத்த படங்கள் மூன்றும்தான்.

ஆகவே என் கருத்து: கண்மாய் மனையை விட்டுவிடுங்கள். எல்லா வாரிசும் கையெழுத்திட்டு, 'அ' பதிவேடும் சுத்தமாக இருந்து, தண்ணீர் வராது என்று உறுதியானால் மட்டும் திரும்பப் பார்க்கலாம். மண் அறிக்கை கைக்கு வந்து, கணக்குச் சரியாக இருந்தால் 30-க்கு 40 மனையை எடுங்கள். பில்டர் எழுதிக் கையெழுத்திட்டு, கட்டம் கட்டமாகப் பணம் வாங்க ஒப்புக்கொண்டால் அவரிடமே கொடுக்கலாம். மறுத்தால் நண்பரின் நட்பைக் காப்பாற்றிக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள். அதுவரை யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.